தமிழ் தெரியாத மதுரைவீரன்

புரட்டாசி பிறந்த அன்று காலையில் வெங்கடப்பன் ஒரு சபதம் எடுத்தான். மாதம் முழுக்கக் கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. முட்டை போட்ட கேக்கும் இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. தான் எடுத்த சபதத்தை ஊரையே எடுக்க வைப்பது என்று கூடவே இன்னொரு சபதமும் எடுத்தான். அதற்காக வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினான். பெயர், ‘கோவிந்தா கோவிந்தா’.

பாகலூரில் அவன் தெருக்காரர்கள், ஓசூரில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி ஆட்கள், தளியில் மாமனார் வீட்டுச் சொந்தங்கள் என்று கைக்குச் சிக்கிய நம்பரையெல்லாம் அதில் சேர்த்தான். வீட்டுக்கு அட்மின் அவன் மனைவி சாந்தம்மா. அது கல்யாணத்தன்றே முடிவான விஷயம். அதனால் வெளியே ஓர் இடத்திலாவது தான் அட்மினாக இருப்பது அவனுக்குச் சர்க்கரைப் பொங்கலாக இனித்தது. விடிந்தால் பெருமாள் படம் போடுவான். யாராவது பிறந்தநாள் படம் போட்டால், ‘கேக்கில் முட்டை உண்டா?’ என்று விசாரணை வைப்பான். அவன் பெயரே வெங்கடப்பன் என்பதால் ஆட்களும் கொஞ்சம் அடங்கித்தான் இருந்தார்கள்.

சாந்தம்மாவின் தம்பி கரியப்பன் தளியில் தோட்டம் வைத்திருக்கிறான். கோஸ், குடைமிளகாய், உருளை. அவன் ஒருநாள் குரூப்பில் ஒரு தட்டைப் படம் பிடித்துப் போட்டான். தட்டில் வெள்ளையாக, வழவழவென்று, உருண்டையாக நாலைந்து. வெங்கடப்பனுக்கு ரத்தம் கொதித்தது. ‘புரட்டாசியில் முட்டையா? இவன் கரியப்பன் இல்லை, கறியப்பன்!’ என்று எழுதினான். எழுதின கையோடு மைத்துனனைக் குரூப்பிலிருந்து தூக்கினான்.

“ஏங்க, என் தம்பியத் தூக்கிட்டீங்களாமே?”

“முட்டப் படம் போட்டான்.”

“அது உரிச்ச உருளக்கெழங்குங்க. புது வெளச்சல்னு ஆசையாப் போட்டிருக்கான்.”

“பாக்க முட்ட மாதிரிதான் இருந்துச்சு.”

“பாக்க நீங்க கூடத்தான் வெவரமான ஆளு மாதிரி இருக்கீங்க. அவன மறுபடி சேருங்க.”

“அட்மின் தூக்குனா தூக்குனதுதான்.”

சாந்தம்மா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பெயரில் மட்டும் சாந்தம் உள்ளவள் நிஜமாகவே சாந்தமாகிவிட்டால் பயப்பட வேண்டும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் வெங்கடப்பன் கற்ற பாடம் அது. அட்மின் மயக்கத்தில் அன்றைக்கு மறந்துபோனான்.

மாதம் பாதி நகர்ந்தது. சபதம் எடுத்தது வாய், அவஸ்தைப்பட்டது நாக்கு. கம்பெனிக்குப் போகும் வழியில் வேப்பெண்ணெய் வாசம் வந்தால்கூட அவனுக்கு மசாலா வாசமாகத் தெரிந்தது. நிலைமை அந்த அளவுக்கு முற்றியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் முகம் கழுவிக்கொண்டு கிளம்பினான்.

“ஓவர்டைம் இருக்குது சாந்தா. ஸ்டாக் எடுக்கறாங்க.”

“போயிட்டு வாங்க. நானும் பாப்பம்மாவும் கோயிலுக்குப் போறோம். அவ ஸ்கூட்டியிலயே போயிட்டு வந்திடுவோம்.”

பாப்பம்மா பக்கத்து வீட்டுக்காரி. ‘நம் பாவத்துக்கும் சேர்த்து அவர்கள் கும்பிட்டுக்கொள்ளட்டும்’ என்று வெங்கடப்பன் வண்டியைக் கம்பெனிப் பக்கம் விடாமல் எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் விட்டான். தமிழ்நாட்டில் எடுத்த சபதம் கர்நாடகாவில் செல்லாது என்பது அவன் கணக்கு. அங்கே விடியற்காலையிலேயே அண்டா திறக்கும் ஒரு தொன்னை பிரியாணிக் கடை உண்டு. காய்ந்த இலையில் தைத்த அதே தொன்னைதான். நம் கோயிலில் அதில் புளியோதரை, அங்கே மட்டன்.

யாராவது பார்த்துவிட்டால்? அதற்கும் யோசனை வைத்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல், கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டுக்கொண்டு தின்றான். முதல் வாய் உள்ளே போனதும் கண்ணில் நீர் வந்தது. அவ்வளவு சந்தோஷம். அப்போதுதான் மூக்குக்கு நேரே ஒரு மைக் வந்து நின்றது.

அது ‘எல்லை மின்னல்’ சேனல். அந்தச் சேனலுக்கு ஆபீஸ் கிடையாது, வேன் கிடையாது, டி.வி. பெட்டியில் வராது. ஒரு செல்போன், ஒரு மைக், சுவாதி என்று ஒரு பெண், அவ்வளவுதான். ஆனால் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் எவர் சட்டைப்பையைத் தடவினாலும் அந்தச் சேனல் அதற்குள் இருக்கும்.

“அண்ணா, பிரியாணி எப்படி இருக்கு?”

வெங்கடப்பன் திகைத்தான். சட்டென்று ஒரு யோசனை வந்தது. நாம் தமிழ்க்காரன் என்று தெரிந்தால்தானே?

“தமிள் கொத்தில்லா” என்றான் கன்னடத்தில், தமிழ் தெரியாது என்று.

ஓசூர்ப் பெண்ணிடம் அது நடக்குமா? அவள் மூச்சுகூட விடாமல் கன்னடத்துக்குத் தாவினாள். “ஹெங்கிதே அண்ணா?”

“சென்னாகிதே, சென்னாகிதே.” நல்லா இருக்குது என்பது சத்தியமான உண்மை.

“நிம்ம ஹெசரு?”

பெயரைக் கேட்கிறாள். நிஜப் பெயரைச் சொல்ல முடியாது. ஒரு கவுடா, ஒரு மஞ்சுநாத் வந்து தொலைத்திருக்கலாம். பதற்றத்தில் கம்பெனி வாட்ச்மேன் பெயர்தான் வாயில் வந்தது.

“மதுரைவீரன்.”

அன்று மத்தியானம் வீடு திரும்பியவன் சமையற்கட்டுக் குப்பைக் கூடையில் இரண்டு வெற்றுத் தொன்னைகளைப் பார்த்தான்.

“கோயில்ல என்னா குடுத்தாங்க?”

“புளியோதர. உங்களுக்கும் எடுத்துட்டு வரலாம்னு பாத்தேன், தீந்துபோச்சு. சோறு போடட்டா?”

“பசிக்கல சாந்தா.”

“எனக்குந்தான்.”

இவள் கோயில் தொன்னையில் பிரசாதம் தின்கிறாள், நாம் எந்தத் தொன்னையில் என்ன தின்றோம் என்று நினைத்து வெங்கடப்பன் கூனிக்குறுகிப்போனான்.

மறுநாள் கம்பெனி கேன்டீனில் காபி டம்ளரைத் தூக்கினவன் அப்படியே நின்றான். நாலு டேபிளிலும் ஒரே குரல். “தமிள் கொத்தில்லா!” எல்லார் செல்போனிலும் ஒரே ஹெல்மெட். மேலே கொட்டை எழுத்தில், ‘தமிழே தெரியாத மதுரைவீரன்!’ சும்மா ஒரு ஆள் பிரியாணி தின்கிற வீடியோவாக இருந்தால் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்திருக்காது. இவன் தப்பிக்கச் சொன்ன பெயரே அதை ஊரெல்லாம் பரப்பிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் மதுரைவீரன் பாவம், போகிற வருகிறவர்களிடமெல்லாம் தான் இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

வெங்கடப்பன் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன் போனில் பார்த்தான். தான் ‘மதுரைவீரன்’ என்கிற இடம் வந்ததும் மூடிவிட்டான். அதற்குமேல் பார்க்க நெஞ்சு தாங்கவில்லை. முகம் பாதிதான் தெரிந்தது. ஆனால் ஹெல்மெட்டின் நெற்றியில் சாந்தம்மா கையால் ஒட்டிய நாமம் ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்தது. உருளைக்கிழங்குக்காக மைத்துனனைத் தூக்கியவன் மட்டனோடு மாட்டினால் சாந்தம்மா சும்மா விடுவாளா? குரூப்தான் விடுமா? தெருவில் தலைகாட்ட முடியாது.

உடனே வேலையில் இறங்கினான். குரூப்பில் அட்மின் மட்டும்தான் பதிவு போடலாம் என்று பூட்டினான். ‘இன்று முதல் புரட்டாசி மௌன விரதம்’ என்று காரணமும் எழுதினான். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், “உன் போனு ஸ்லோவா இருக்குதே, சரி பண்ணித் தர்றேன்” என்று வாங்கி, எல்லை மின்னலை பிளாக் செய்தான். சாந்தம்மா மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். திருப்பி வாங்கும்போது தேங்க்ஸ் வேறு சொன்னாள்.

ஆனாலும் சேனலில் வீடியோ இருக்கிறவரைக்கும் நிம்மதி ஏது? வேரையே பிடுங்க வேண்டும். சாந்தம்மாவிடம் மெல்ல ஆரம்பித்தான்.

“எங்க கம்பெனியில ஒரு ஆளு சாந்தா. பாவம். ஏதோ வீடியோவுல மாட்டிக்கிட்டான்.”

“அய்யோ. என்னா வீடியோ?”

“புரட்டாசியில பிரியாணி தின்னுட்டானாம்.”

“அதுக்கென்னா? அவரு வயிறு, அவரு பிரியாணி.”

“வீட்ல தெரிஞ்சா பிரச்சன.”

“பொண்டாட்டி ரொம்பக் கோவக்காரியா?”

“கோவக்காரியா? பத்ரகாளி!”

“அப்படியா?” என்றாள் சாந்தம்மா, கீரையை ஆய்ந்துகொண்டே.

“வாயத் தெறந்தா மூட மாட்டா. அவன் நெலமைய நெனைச்சா எனக்கே அழுக வருது.”

“பாவந்தான். எந்தச் சேனலு?”

“எல்லை மின்னல்.”

“அட, அந்த சுவாதிப் பொண்ணா? தளியில நம்ம கரியன் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம். அவன் சொன்னா எடுத்துருவாளே. ஆனா நீங்கதான் அவனத் தூக்கிட்டீங்க. அட்மின் தூக்குனா தூக்குனதுதானே.”

வெங்கடப்பன் போனை எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசலுக்குப் போய் மைத்துனனுக்குப் போன் போட்டான்.

“கரியா, நல்லா இருக்கியா?”

“கறியப்பன் பேசறேன், சொல்லுங்க மாமா.”

“பழச விடுப்பா. ஒரு நண்பனுக்காகப் பேசறேன்...”

“தெரியும் மாமா. நண்பரு ஹெல்மெட்டுல நாமம் கூட நல்லா இருந்துச்சு.”

அடுத்து நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. கரியப்பன் குரூப்பில் சேர்க்கப்பட்டான். அட்மினாகவும் ஆக்கப்பட்டான். ‘உருளைக்கிழங்கை முட்டை என்று சொன்னதற்கு வருந்துகிறேன்’ என்று வெங்கடப்பன் எழுதினான். குரூப்பின் முகப்புப் படமாகப் பெருமாளுக்குக் கீழே ஒரு உருளைக்கிழங்கும் வந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

மறுநாள் கரியப்பன் போன் செய்தான். “சுவாதி எடுத்துட்டா மாமா. அவ போனுல இருந்ததயும் அழிச்சிட்டா. என்கிட்ட ஒரு காப்பி டவுன்லோடு பண்ணது இருக்குது. வெச்சுக்கட்டா?”

“அழிடா! ஒரு காப்பி கூட இருக்கக் கூடாது.”

“முழுசாவா?”

“முழுசா!”

வெங்கடப்பன் அந்த லிங்க்கை அழுத்திப் பார்த்தான். ‘இந்த வீடியோ இல்லை’ என்று வந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடியும் இல்லை. இல்லை என்ற சொல் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கிப்போனது. கேன்டீன்காரர்கள் வேறு ஏதோ வீடியோவுக்குச் சிரிக்கப் போய்விட்டார்கள். வாட்ச்மேன் மதுரைவீரனுக்கு நல்ல காபியாக ஒன்று வாங்கிக் கொடுத்தான். காரணம் தெரியாமலே அவர் குடித்தார். மிச்சமிருந்த புரட்டாசியை வெங்கடப்பன் மோரும் ரசமுமாக அவ்வளவு சுத்தமாக ஓட்டினான். தப்பித்தோம் என்ற நினைப்பே அவனுக்குக் கறி ருசியாக இருந்தது.

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு. கரியப்பன் ஒரு கூடை குடைமிளகாயும் நாட்டுக்கோழியுமாக வந்து இறங்கினான். சாந்தம்மா பிரியாணி செய்தாள். பாப்பம்மா வீட்டுக்கும் ஒரு தூக்கு போனது. பயமில்லாமல், ஹெல்மெட் இல்லாமல், சொந்த வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்பதில் இருக்கும் சுகத்தை வெங்கடப்பன் முழுசாக அனுபவித்தான். பெண்டாட்டி முகத்தில் கோபம் இல்லை. மைத்துனன் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறான். நம்மைவிடக் கெட்டிக்காரன் எவன்?

“எப்படி மாமா?” என்றான் கரியப்பன். “அத்திப்பள்ளி பிரியாணி நல்லா இருந்துச்சா, இதுவா? அக்கா, நீ சொல்லு. நீயுந்தான் அங்க வாங்கித் தின்ன.”

வெங்கடப்பன் கை பாதி வழியில் நின்றது. “யாரு தின்னா?”

“அக்காதான். பாப்பம்மாக்காவும். பச்சப் பொடவையில, கையில பார்சல் வாங்குன தொன்னையோட உங்க முதுகுக்குப் பின்னாலயே நின்னுச்சே. வீடியோக் கடைசில நல்லாத் தெரிஞ்சுதே. நீங்க முழுசாப் பாக்கலியா மாமா?”

ஹெல்மெட்டுக்குள் இருந்தவனுக்கு நேரே இருந்தது மட்டும்தான் தெரிந்தது. இப்போது எல்லாம் தெரிந்தது. வெங்கடப்பன் துள்ளி எழுந்தான்.

“எங்கடா? காட்டு! இப்பவே காட்டு!”

“அழிக்கச் சொன்னீங்களே மாமா.”

“சுவாதிகிட்ட?”

“அதயும்தான்.”

“ஒரு காப்பி கூடவா இல்ல?”

“ஒண்ணு கூட இருக்கக் கூடாதுன்னீங்க. நான் கேட்டேன், முழுசாவான்னு.”

கையில் இருந்த ஒரே சாட்சியைக் கெஞ்சிக் கூத்தாடித் தானே ஒழித்திருக்கிறான். மிஞ்சியது குப்பைக் கூடையில் கண்ட அந்த இரண்டு தொன்னைதான். வெங்கடப்பன் இருந்த கம்பீரத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினான்.

“சாந்தா! உண்மையச் சொல்லு. அன்னிக்கி அந்தத் தொன்னையில இருந்தது என்னா?”

சாந்தம்மா அவன் தட்டில் இன்னொரு துண்டு கறியை வைத்துவிட்டு, சாந்தமாகச் சொன்னாள்:

“தமிள் கொத்தில்லா.”