அத்தையின் நெற்றியில் நான் வரையாத பொட்டு

திண்டுக்கல்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாமா ஆண்டிச்சாமி அவர்களுக்கு, மருமகன் மோகன்குமார் பணிவுடன் எழுதுவது. நீங்கள் உயிரோடும் திடத்தோடும் இருக்கிறீர்கள் என்பதை முதலிலேயே எழுத்து மூலம் ஒப்புக்கொள்கிறேன். என் போனை நீங்கள் எடுப்பதில்லை என்பதால் தபால்.

அத்தையைப் பென்சிலில் வரைந்தது உண்மைதான். நவீன ஓவியத்தில் இருப்பதையெல்லாம் வரையக்கூடாது மாமா, எதை விடலாம் என்று பார்த்துப் பார்த்து விட வேண்டும். அப்படி ஒரு காதை விட்டேன், பாதிக் கழுத்தை விட்டேன், மூக்கை ஒரே கோட்டில் முடித்தேன், அந்த வேகத்தில் பொட்டும் தாலியும் போய்விட்டன. இருபது வருடத்தில் இவ்வளவு உயிரான முகம் என் கைக்கு வந்ததில்லை. மதுரைக் கண்காட்சிக்கும் தேர்வாகி, வருகிற ஞாயிற்றுக்கிழமை அனுப்ப வேண்டும் என்று நான் மிதந்துகொண்டிருந்தபோதுதான் சித்தையன்கோட்டையிலிருந்து கத்தரிக்காய்ப் பையோடு வந்தீர்கள். "ஏன் மாப்ளே, ஒரு காதக் காணோம்?" என்று மட்டும்தான் கேட்டீர்கள். அத்தோடு போயிருக்கும். பக்கத்து வீட்டுக் குர்ஷித் பேகம் அக்கா அந்நேரம் பார்த்துப் பாலுக்கு உறை ஊற்ற மோர் கேட்டு வந்தார். அத்தையைத் தெரியும், உங்களை முன்பின் பார்த்ததில்லை. படத்தில் வெறும் நெற்றியைக் கண்டதும், "தீபா அப்பா எப்ப தம்பி தவறுனாக? ஒரு வார்த்த சொல்லலையே" என்று கண்ணைத் துடைத்தார். நீங்கள் காப்பி டம்ளரோடு எதிரிலேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

"நா சாகுறவரைக்கும் பொறுக்க முடியலையாக்கும் ஒங்களுக்கு" என்று எழுந்தீர்கள். "அப்பா மனச நோகடிச்சிட்டு என்னங்க படம்? பொட்டு வச்சாத்தான் வருவேன்" என்று தீபாவும் உங்களோடு பஸ் ஏறிவிட்டாள். நான்கு நாளாகக் கத்தரிக்காயை வதக்கி வதக்கித் தின்கிறேன். அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, மாமா.

ஆனாலும் கலை என்று ஒன்று இருக்கிறது. ஒரு புள்ளி வைத்தாலும் அந்த முகம் கெட்டுவிடும், தலையே போனாலும் வைக்க மாட்டேன். இதைப் பெரிய மனதோடு புரிந்துகொண்டு தீபாவை அனுப்பி வைக்க வேண்டும். நீங்கள் நூறு வயதைத் தாண்டி, பேரன் கல்யாணப் பந்தியிலும் என்னைத் திட்ட வேண்டும் என்று அய்யனாரை வேண்டிக்கொள்கிறேன்.

வணக்கங்களுடன்,
மோகன்குமார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மனசு கேட்கவில்லை. சிவப்புப் பென்சிலை அழுத்திப் பிடித்து, பெரிய பொட்டாகவே வைத்துவிட்டேன், தாலியும் போட்டாயிற்று. போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "முன்னாடி இருந்ததுதான் மாப்ளே என்னய மாதிரி இருந்துச்சு. மாமனும் மருமகனும் இம்புட்டுச் சண்ட போட்டீகளே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?" என்றார். சிவப்புப் பென்சில் ரப்பருக்கு அழியவில்லை, மாமா.