மேற்படி கணினியின் மீதான விசாரணை

வீட்டுக் கணினி மெதுவாக ஓடினால் மற்ற வீடுகளில் என்ன செய்வார்கள்? ஒருமுறை அணைத்துப் போடுவார்கள், தலையில் ஒரு தட்டு தட்டுவார்கள், தெரிந்தவரைக் கூப்பிடுவார்கள். சூப்ரண்டு வீட்டில் விசாரணைக் கமிஷன் அமைப்பார்கள்.

சூப்ரண்டு முப்பத்தாறு வருஷம் ஆபீஸில் கோப்பு நகர்த்தியவர். நகர்த்தியவர் என்றால், தன் மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு. சூப்பரின்டெண்டென்டாக ஓய்வு பெற்று அஞ்சு வருஷமாகியும் ஆபீஸ் அவரை விட்டதே தவிர, அவர் ஆபீஸை விடவில்லை. கைக்குக் கிடைத்த ஒரே ஊழியர் மனைவிதான். குடியிருப்பில் எல்லோரும் சூப்ரண்டம்மா என்று கூப்பிடுகிற அந்த அம்மாள் இதுவரை வாங்கிய மெமோக்களுக்குத் தனியாக ஒரு அலமாரி இருக்கிறது. பாவம், அதைத் துடைப்பதும் அவர்தான்.

அன்று காலை கணினியைப் போட்டதும் திரை வெளிச்சமாக இருபது நிமிஷம் ஆனது. திரையில் இருந்த அம்பு நகர மாட்டேன் என்றது. கப்பலில் இன்ஜினியராக இருக்கும் ஒரே மகள் நாற்பது நாள் கடலில் கிடந்து இன்றுதான் கரை சேருகிறாள். சரியாக நாலு மணிக்குத் திரையில் வருவாள், முகம் பார்த்துப் பேசலாம். செல்போனில் பார்க்கலாமே என்பீர்கள். படம் காட்டும் போன் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்பது சூப்ரண்டின் நிலையாணை.

"என்னங்க, ரிப்பேருக்கு ஆள் கூப்பிடலாமா?"

"முதல்ல யார் பொறுப்புன்னு தெரியணும். குற்றவாளி யாருன்னே தெரியாம ரிப்பேர் பண்ணிட்டா நாளைக்கு ஆடிட்ல என்ன சொல்றது?"

"நம்ம வீட்டுல ஏதுங்க ஆடிட்?"

"அந்த நெனப்புலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க."

பத்து மணிக்கு ஆணைகள் வெளியாகின. அம்பு நகராமைக்குப் பொறுப்பாளி எனக் கருத முகாந்திரம் இருப்பதால் மவுஸ் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டு, இழுப்பறையில் வைத்துப் பூட்டப்பட்டது. கீபோர்டிடம் விளக்கம் கோரப்பட்டது. அது வாய் திறக்காததால், கூறுவதற்கு ஏதுமில்லை எனக் கொள்ளப்பட்டது. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்குப் பாதிச் சம்பளம் உண்டல்லவா? அந்த விதிப்படி மேற்படி கணினிக்கு அரை மணி நேரம் கரண்ட், அரை மணி நேரம் பட்டினி.

அடுத்து சாட்சி விசாரணை. சாட்சி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மூணாம் தேதி கம்ப்யூட்டர்ல என்ன பார்த்தே?"

"ஸ்வெட்டர் பின்னறது எப்படின்னு பார்த்தேன்."

"எத்தனை நிமிஷம்?"

"இருபது இருக்கும்."

"அந்த இருபது நிமிஷத்துலதான் வைரஸ் உள்ள நுழைஞ்சிருக்கு."

"நுழைஞ்சதை நீங்க பார்த்தீங்களா?"

"கண்ணுக்குத் தெரிஞ்சா அது எப்படி வைரஸாகும்?"

சூப்ரண்டு மத்தியானம் தூங்கும் நேரம் பார்த்து, சூப்ரண்டம்மா எதிர்த்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரிப்பேர்காரிக்குப் போன் போட்டுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து முன் அனுமதி இல்லாமல் அவர் செய்த முதல் காரியம் அது.

மூன்று மணிக்கு வந்த ரிப்பேர்காரியைச் சூப்ரண்டு தொழில்நுட்பச் சாட்சியாகப் பதிவு செய்துகொண்டார். அவள் பத்து நிமிஷம் நோண்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள்.

"சார், இதுல ஆன்ட்டிவைரஸ் அஞ்சு இருக்கு. யார் போட்டது?"

சூப்ரண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தான். வருஷத்துக்கு ஒண்ணு. முதல் காவலாளியைக் கண்காணிக்க ரெண்டாவது, ரெண்டாவதைக் கண்காணிக்க மூணாவது."

"அதான் கோளாறே. ஒண்ணை ஒண்ணு திருடன்னு நெனச்சுப் பிடிச்சு வெச்சுக்குது. நாள் பூரா ஒண்ணு மடியை இன்னொண்ணு சோதனை போட்டுக்கிட்டே இருக்கு. வேற வேலைக்கு இடமே இல்லை."

"எங்க ஆபீஸ் முப்பத்தாறு வருஷம் அப்படித்தானே நடந்தது? ஒரு புகார் உண்டா?" என்றார் சூப்ரண்டு, உண்மையான ஆச்சரியத்தோடு. "அது போகட்டும். வைரஸ் அகப்பட்டதா?"

"ஒண்ணுகூட இல்லை சார்."

"அஞ்சு பேர் தேடியும் அகப்படலைன்னா எப்பேர்ப்பட்ட வைரஸா இருக்கும்! ஆறாவதா ஒண்ணு போடும்மா."

மணி மூணு நாற்பது. சூப்ரண்டம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ!

"போதும் நிறுத்துங்க! நீங்க நீட்டின காகிதத்துல எல்லாம் வாயை மூடிக்கிட்டு கையெழுத்துப் போட்டேன். இன்னிக்கு என் பொண்ணு முகத்தை நான் பார்க்கலைன்னா, இந்த வீட்டுல ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

சூப்ரண்டு ஆடிப்போய்விட்டார். வேலைநிறுத்தம் என்பதை அவர் நேரில் கண்டதே இல்லை. உடனே இறங்கி வந்தார். நாலு காவலாளிகளைக் குறைக்கச் சம்மதம், ஆனால் பணிமூப்பின்படி.

"சார், மூத்தது காலாவதியாகி நாலு வருஷமாச்சு. சும்மா உட்கார்ந்திருக்கு. கடைசியா போட்டதுதான் உருப்படியா வேலை பார்க்குது."

"சீனியரை அனுப்பிட்டு ஜூனியரை வெச்சுக்கறதா? கேஸ் போட்டா யார் கோர்ட்டுக்கு அலையறது?"

ரிப்பேர்காரி சூப்ரண்டம்மாவைப் பார்த்தாள். அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஜூனியர்கள் நாலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டன. மவுஸ், சந்தேகத்தின் பலன் அளிக்கப்பட்டு, இழுப்பறையிலிருந்து விடுவிக்கப்பட்டது. வேலை செய்யாத காவலாளி ஒன்று மட்டும் மிஞ்சியதும் கணினி பறந்தது பாருங்கள்! நாலு மணிக்கு மகள் முகம் திரையில் வந்தது. வெயிலில் கறுத்து, முடி வெட்டி, சிரித்துக்கொண்டு. "அம்மா" என்றதுமே அம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. கப்பல் வெள்ளிக்கிழமை வரை கரையில் நிற்குமாம். தினமும் நாலு மணிக்கு வருவாளாம்.

இந்த வெற்றியைச் சூப்ரண்டு தன்னோடு வைத்துக்கொள்வாரா? அன்று மாலையே, எங்கிருந்தோ இலவசமாக இறக்கிய கோப்பு ஒன்றைத் திருத்தி, 'வைரஸ் தடுப்பு: குடியிருப்போர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிமுறைகள்' என்று எண் போட்டு, இருபத்துமூன்று வீட்டுக்கும் சுற்றறிக்கையாக மெயிலில் அனுப்பினார். எண் போட்ட காகிதத்தைத் திறக்காமல் இருக்க யாருக்குத் தைரியம் வரும்? இருபத்துமூன்று பேரும் திறந்தார்கள். மறுநாள் காலை இருபத்துமூன்று கணினியும் படுத்துவிட்டன.

ரிப்பேர்காரி நேரே சூப்ரண்டம்மாவிடம் வந்து காதோடு சொன்னாள். "வைரஸ் சாரோட சுற்றறிக்கையிலதான் இருந்துச்சு."

"எங்க கம்ப்யூட்டர் நல்லாத்தானே ஓடுது?"

"தன்னை ஊரெல்லாம் தபால்ல அனுப்ப அந்த வைரஸுக்கு ஒரு ஆள் வேணுமில்லையாம்மா? அதனால இதை மட்டும் விட்டு வெச்சிருக்கு. கடைக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் பண்ண நாலஞ்சு நாள் ஆகும். கொண்டுபோகவா?"

இன்று செவ்வாய்க்கிழமை. சூப்ரண்டம்மா விரல் விட்டு எண்ணினார்.

"சனிக்கிழமை வாம்மா. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

இதற்குள் சூப்ரண்டின் ஆலோசனைப்படி வீட்டுக்கு வீடு விசாரணைக் கமிஷன் அமைந்துவிட்டது. இருபத்துமூன்று சமையலறைகளில் குற்றவாளியைத் தேடினார்கள். சுற்றறிக்கையை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண், கையில் ஒரு காகிதம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, நான்தான் வைரஸைக் கொண்டுவந்தேன்னு எங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்திருக்கார். அந்தக் கம்ப்யூட்டரை நான் தொட்டதுகூட இல்லைக்கா. நீங்களே சொல்லுங்க, நானா பண்ணேன்?"

சூப்ரண்டம்மா வாயைத் திறந்தார். உள்ளே கணினி மணியடித்து மகள் அழைத்தாள்.

"கையெழுத்துப் போட்டு வாங்கிக்கம்மா," என்றார் சூப்ரண்டம்மா. "நெருப்பில்லாம புகையுமா? எல்லாம் விசாரணையில தெரிஞ்சுடும்." கதவைச் சாத்திவிட்டு உள்ளே ஓடினார்.