சதி சார் வீட்டுத் தீபாவளி

உலகத்தில் எங்கே என்ன கலவரம் நடந்தாலும், அதற்குக் காரணமான மனிதரோடு சில வருடங்கள் வேலை பார்த்தவன் நான். கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்தால் அவர்தான் காரணம். கோலாலம்பூரில் கோழி விலை ஏறினாலும் அவர்தான். மோனோரயில் கொஞ்ச நேரம் வழியில் நின்றுவிட்டால்கூட, "அந்த வெள்ளைக்காரன் நேத்து இந்தப் பக்கம்தான் சுத்திக்கிட்டு இருந்தான்" என்று சொல்ல பிரிக்பீல்ட்ஸில் ஆள் உண்டு. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து எங்கள் அலுவலகக் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் சதி சார்தான். "சதி சார் வந்துட்டாரு, இலையைப் போடு" என்று கடைக்காரர் கத்துவார். இவரும் சந்தோஷமாகக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவார்.

அவர் ஒரு குளிர் நாட்டுத் தூதரகத்தில் இரண்டாம் செயலாளர். நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இந்தக் கட்டுரைக்கும் அவர்கள்தான் காசு கொடுத்தார்கள் என்பீர்கள். தமிழ்ப் பத்திரிகைகளிலும் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களிலும் எங்கள் தூதரகத்தைப் பற்றி என்ன வருகிறது என்று படித்து மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை.

தினமும் காலையில் குற்றச்சாட்டுகளை வாசிப்பேன். மற்ற அதிகாரிகளுக்குக் கேட்கக் கேட்க முகம் சிவந்துவிடும். இவர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆவலாகக் கேட்பார்.

"சார், நாமதான் ரகசியமா மெஷின் வச்சு மழையை நிறுத்திட்டோமாம்."

"அப்படியா! ரொம்பக் கெட்டிக்காரங்க லா நாம," என்பார். சாப்பாட்டுக் கடையில் கற்றுக்கொண்ட தமிழ். "மழையை நிறுத்தத் தெரிஞ்ச நமக்கு அந்த போட்டோஸ்டாட் மெஷினை ரிப்பேர் பண்ண ஒரு ஆள் கிடைக்கலையே!"

இந்த மாதிரி வதந்திகளுக்குத் தூதரகங்களில் ஒரே மருந்துதான் உண்டு. மறுப்பறிக்கை. எங்கள் தூதர் அதில் தீவிர நம்பிக்கை உள்ளவர். "இக்குற்றச்சாட்டில் எள்ளளவும் உண்மையில்லை" என்று ஓர் அறிக்கை விடுவோம். உடனே குழுக்களில், "பார்த்தீங்களா, பயந்துட்டானுங்க" என்று வரும். அடுத்த தடவை பேசாமல் இருந்து பார்த்தோம். "பார்த்தீங்களா, வாயைத் திறக்க முடியலை" என்று வந்தது. சதி சார் இரண்டையும் கேட்டுவிட்டு, "நம்மகிட்ட கேள்வி கேட்டவனை விட்டுட்டு நாம செவுத்துகிட்ட பதில் சொல்றோம்" என்று முணுமுணுப்பார்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பூக்கட்டும் பைத்தியம். சனிக்கிழமையானால் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போய்விடுவார். லிட்டில் இந்தியாவில் சரசு அக்காவின் பூக்கடையில், முழங்கால் காதைத் தொடுகிற அளவுக்கு ஒரு குட்டி முக்காலியில் உட்கார்ந்து மல்லிகை கட்டுவார். கட்டுவார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் கட்டிய சரத்தைத் தூக்கினால் நார் கையில் இருக்கும், பூ கீழே இருக்கும். சரசு அக்கா தலையில் அடித்துக்கொண்டு, "பூவை நெரிக்காதீங்க சார், அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்பார்.

அந்த வருடம் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், அங்கே இருந்த பூக்கடைகளை ஊருக்கு வெளியே ஒரு பழைய லோரி நிறுத்துமிடத்துக்கு மாற்றப் போவதாக நகராட்சி உத்தரவு வந்தது. சரசு அக்கா தலைமையில் கடைக்காரர்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தள்ளுமுள்ளில் ஒரு கடைக் கண்ணாடி உடைந்தது. சாலை அடைத்துக்கொண்டது. நகராட்சி அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்கு வரச் சம்மதித்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மணியம் அங்கிள் புகுந்தார்.

மணியம் அங்கிள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். ஊரில் பாதிப் பேர் இருக்கிற ஒரு புலனக் குழுவை நடத்தினார். அவர் கையில் ஒரு படம் கிடைத்தது: சரசு அக்காவும் சதி சாரும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்து ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள். அவிழ்ந்துபோன சரத்தைத்தான் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் அதற்குக் கீழே, "கிள்ளான் கலவரத்துக்கு வெளிநாட்டுப் பயிற்சி" என்று போட்டுவிட்டார்.

அவ்வளவுதான். வெளிநாட்டுச் சதி என்றால் பேச்சுவார்த்தை எதற்கு? அதிகாரிகள் வரவில்லை. கூட நின்ற கடைக்காரர்களே சரசு அக்காவைப் பார்த்து ஒதுங்க ஆரம்பித்தார்கள். நான் போனபோது அவர் வாளியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். "என் கோபம்கூட என்னோடது இல்லையாம் தம்பி. அதையும் எவனோ சொல்லிக் குடுத்ததாம்," என்றார். அழவில்லை.

சதி சாரிடம் சொன்னேன். முதல்முறையாக அவர் சிரிக்கவில்லை. உள்நாட்டு விவகாரத்தில் ஒரு தூதரக அதிகாரி வாயே திறக்கக்கூடாது. அந்த அம்மாவுக்காக ஒரு வார்த்தை பேசினால், மணியம் அங்கிள் சொன்னது உண்மையாகிவிடும். அறையில் கொஞ்ச நேரம் நடந்தார். பிறகு கேட்டார்: "இந்த ஊர்ல தீபாவளிக்கு, தெரியாதவன் வீட்டுக்குக்கூடப் போய்ச் சாப்பிடலாம், இல்ல?"

திறந்த இல்ல உபசரிப்பு! நம் ஊரில் பெருநாள் என்றால் கதவைத் திறந்துவைப்போம், வருகிறவர் யாராக இருந்தாலும் சாப்பாடு போடுவோம். அதைத்தான் கேட்கிறார். சதி சார் சுபாங் ஜெயாவில் ஒரு சின்ன மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தார். நேராக மணியம் அங்கிளுக்கே போன் போட்டு, "உங்க குழுவுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க அங்கிள். என் வீட்டுல எந்த அறையை வேணும்னாலும் திறந்து பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டார். தூதருக்குத் தெரிந்தபோது அழைப்பு காஜாங் ஊரையே தாண்டிவிட்டது.

அவர் செய்த தவறு ஒன்றுதான். திறந்து பார்க்கலாம் என்பதை ஒரு மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டார். நம் ஆன்டிகள் அப்படி எடுத்துக்கொள்வார்களா? முறுக்கைக் கடித்துக்கொண்டே படுக்கையறை அலமாரி, குளியலறை, மாடிப்படிக்குக் கீழே இருந்த பொந்து என்று ஒன்றைக்கூட விடவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்த ஓர் ஆன்டி அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஒரு வெண்ணெய்க்கட்டியும் வாடிப்போன எலுமிச்சையும்தான் இருந்தன.

"ஐயோ, வீட்டுல ஒரு பருப்பு டப்பா இல்ல. இவரா புரட்சி பண்ணப் போறாரு?"

கொஞ்சம் பேருக்குத்தான் சாப்பாடு சொல்லியிருந்தார். வந்ததோ ஒரு கல்யாணக் கூட்டம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்களுக்கு மக்சிக், ரெண்டாங் கறியோடு ஓடி வந்தார். எதிர்வீட்டுச் சீன அங்கிள் மீ நூடுல்ஸ் வாங்கி வந்து இறக்கினார். சதி சார் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மணியம் அங்கிள் மட்டும் எதையும் சாப்பிடவில்லை. போனில் நேரலையைப் போட்டுக்கொண்டு அறை அறையாகப் போனார். கட்டில் அடியில் டார்ச் அடித்தார். கட்டிலைத் தூக்கிப் பிடித்துச் சதி சாரும் உதவினார். ஒன்றும் கிடைக்காத எரிச்சலில் அங்கிள் வரவேற்பறைக்கு வந்து நேராகக் கேட்டார்.

"சரி, நீங்க இல்லன்னா, இவங்களைத் தூண்டி விட்டது யாரு?"

சதி சார் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும், சொல்லத்தான் வாய் இல்லை. "அதை நான் சொல்லக்கூடாது அங்கிள். அவங்க இங்கதான் இருக்காங்க. இதுவரைக்கும் யாராச்சும் அவங்களைக் கேட்டீங்களா?" என்றார்.

உதவிக்கு வந்து சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த சரசு அக்கா ஈரக்கையோடு வந்தார்.

"என்னைத் தூண்டி விட்டது யாருன்னு கேக்குறீங்களா அண்ணே? அந்த லோரி போடுற இடத்துல கூரையே இல்ல. காலையில வச்ச மல்லி மத்தியானத்துக்குள்ள கருகிடும். மழை பேஞ்சா கணுக்கால் வரைக்கும் தண்ணி. பொம்பளைங்களுக்கு ஒரு கழிவறை கிடையாது. இந்த வீட்டுல கட்டில் அடியெல்லாம் பார்த்தீங்க. அங்க ஒரு நாள் வந்து பார்த்தீங்களா?"

இதுவும் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. பிறகு அங்கிள் போனை அணைத்தார். ஒரு தட்டை எடுத்து ரெண்டாங் போட்டுக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்தார்.

ஆனால் துப்பறிகிற மனிதரால் சும்மா இருக்க முடியுமா? மறுநாளே லோரி நிறுத்துமிடத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டார். கட்டில் அடியில் அடித்த அதே டார்ச்சை அங்கே சாக்கடையில் அடித்தார். அன்று சரியான மழை. தண்ணீரில் நின்றுகொண்டே, "இதுக்குப் பின்னாடி யாரு இருக்கா? இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யாரு?" என்று குழுவில் கர்ஜித்தார். அன்றைக்குத்தான் அவர் சரியான கேள்வியைக் கேட்டார். ஒதுங்கியிருந்த கடைக்காரர்கள் சரசு அக்கா பக்கம் திரும்பி வந்தார்கள். அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்கு நாள் கொடுத்தார்கள்.

சதி சாருக்குக் கிடைத்தது நல்ல திட்டு. தலைநகரத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். கிள்ளான் பக்கமே போகக்கூடாது என்று தூதர் சொல்லிவிட்டார். அதனால் பேச்சுவார்த்தை அன்று அவர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கிள்ளானில் பேச்சுவார்த்தை நடந்த அலுவலக வாசலில் நின்றேன்.

சரசு அக்கா வெளியே வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கூரையும் கழிவறையும் கட்டும் வரை யாரும் இடம் மாறவேண்டாம் என்று முடிவாகியிருந்தது. மணியம் அங்கிள் ஊர்வலம் போகிற மாதிரி முன்னால் நடந்து வந்தார். நான் சதி சாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து தயங்கித் தயங்கி ஒரு கேள்வி வந்தது.

"என்னைப் பத்தி ஏதாச்சும் பேசினாங்களா?"

"இல்ல சார். ஒருத்தர்கூட உங்க பேரை எடுக்கலை."

"நெசமாவா? ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்ல சார்."

அவர் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்திருக்கும். எல்லோருக்கும் தேநீர் கொடுக்கச் சொல்லிக் கத்துவது என் காதில் விழுந்தது. தன்னை ஊரே மறந்துவிட்டது என்பதற்காக அப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் மாற்றலாகிப் போய்ப் பல வருடமாகிவிட்டது, என்னால்தான் அவரை மறக்க முடியவில்லை.