உண்மை நகலை மதிக்காத கணினி

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். கணினிக்குத்தான் பேச்சுமூச்சு இல்லை. அங்கே நீங்களும் மகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இருக்காமல் என்ன, தலைவலியை மொத்தமாக இந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்களே!

கணினிக் கடைக்காரர் பழுதான வன்வட்டைக் கழற்றிப் புதியது போட்டதும் நீங்கள் தொலைபேசியில் சொன்னது என்ன? "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க மாமா, பறக்கும். ஃபைல் அனுப்புறேன், பென்டிரைவ்ல எழுதிடுங்க, அவ்வளவுதான்." அவ்வளவுதானாம்! எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் மடிக்கணினியைக் கெஞ்சி வாங்கி, கோப்பை இறக்கி, பென்டிரைவில் அப்படியே நகல் எடுத்து, ஒரு எழுத்து பிசகவில்லை என்று சரிபார்த்து, நம் கணினியில் செருகினால், கறுப்புத் திரையில் ஒரே வரி: துவக்குவதற்குச் சாதனம் எதுவும் இல்லை. இல்லையாம்! அதன் விலாவில் செருகி வைத்துக்கொண்டு நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன், என் முகத்துக்கு நேரே இல்லை என்கிறது. கடைக்காரரைக் கூப்பிட்டேன். "ஆன் பண்ணதும் எஃப் பன்னிரண்டு பட்டனை விடாம தட்டுங்க சார்" என்றார். தட்டினேன். நாற்பதாவது தட்டில் அந்தப் பொத்தான் கழன்று அலமாரிக்கு அடியில் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டால், "அவ்ளோ வேகமா எதுக்கு சார் தட்டினீங்க?" என்று என்னையே கேட்கிறார்!

இதற்கு நடுவில் உங்கள் அத்தை வந்து டாக்டரின் மடிக்கணினியில் பென்டிரைவைத் திறந்து பார்த்துவிட்டு, "எழுதச் சொன்னா நகல் எடுத்து வெச்சிருக்கீங்களே! அதை எழுதறதுக்குன்னு தனியா ஒரு சாஃப்ட்வேர் இருக்குங்க" என்கிறாள். யாரிடம்? முப்பத்திரண்டு வருடம் நீதிமன்ற நகல் பிரிவில் இருந்தவனிடம்! நான் எடுத்த நகலை நீதிபதிகள் மறுபேச்சில்லாமல் ஏற்றார்கள், இந்தத் தகரப் பெட்டி ஏற்காதாம்! "எழுதறதும் நகல் எடுக்கறதும் ஒண்ணுதான், போ" என்று விரட்டிவிட்டேன். அவள் கோபித்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு வியாழக்கிழமை மொழிபெயர்ப்பாளர் தேர்வு, வீட்டிலிருந்தபடி கணினியில்தான் எழுத வேண்டும், இரண்டு வருடப் படிப்பு. அது பாழானால் பழி யார் தலையில்? உங்கள் தலையில்தான் மாப்பிள்ளை, மரியாதையோடு சொல்கிறேன். ஆகவே புதன்கிழமைக்குள் நேரில் வந்து சரிசெய்து தரவும்.

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, புதன்கிழமை வந்ததும் தருகிறேன்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்

பி.கு.: மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தேன். அதற்குள் உங்கள் அத்தை பல் டாக்டரின் மடிக்கணினியிலேயே அந்த மென்பொருளால் எழுதி, லினக்ஸைப் போட்டும் முடித்துவிட்டாள். பறக்கிறது. மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம், வரவும் வேண்டாம். ஆனால் கடவுச்சொல்லை எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள். மாப்பிள்ளை கேட்டால் மறுக்க மாட்டாள். நான் கேட்கச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், கொஞ்சம் கேட்டுச் சொல்லவும்.