கார்முகிலின் கடைசி அசல் உறுப்பினர்

மனிதர்கள் சாகிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள், திருப்பூருக்குக் குடிபெயர்கிறார்கள். இவற்றில் எதையும் செய்யாமல் ஒரு பெயர் மட்டும் தனியாக நிலைத்து நிற்க முடியும் என்று உலகுக்கு நிரூபித்த பெருமை, கோவில்பட்டி கார்முகில் இன்னிசைக் குழுவையே சாரும். அந்தக் குழுவின் செயலாளரும் அறிவிப்பாளருமான கிருஷ்ணகுமார் ஆகிய நான் இதைச் சொல்வதில் தற்புகழ்ச்சி ஏதும் இல்லை. எல்லாம் குழுவின் புகழ்ச்சிதான்.

"குழுவை ஆரம்பிச்ச ஆளுங்க எங்க?" என்று சிலர் வீண் கேள்வி கேட்பதுண்டு. கீபோர்டு ஆறுமுகசாமி மகனோடு திருப்பூர் போய்விட்டார். டோலக் சாமித்துரை காலமாகிவிட்டார். கிதார் வாசித்தவர் இன்ஷூரன்ஸ் பக்கம் ஒதுங்கிவிட்டார். பாடகர் ஷம்சுல் ஆலம் அவர்களுக்கு 'ஓய்வளிக்கப்பட்டது'. இத்தனைக்கும் பிறகு குழு ஒரு நாள்கூட நிற்கவில்லை. காரணம், குழுவின் பெயர் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் மஞ்சள் பெயிண்டில் எழுதப்பட்டிருந்தது. பெட்டியை நான் வாங்கினேன். பெயரும் கூடவே வந்தது.

ஷம்சுல் ஆலம் அண்ணாச்சிக்கு ஓய்வளிக்கப்பட்ட முறை மிகவும் ஜனநாயகமானது. அவருக்கு வயது ஏற ஏறக் குரல் மாறுவதாகப் புகார் வந்தது. நாங்கள் ஒரு குரல் தேர்வு வைத்தோம். குழுவின் முதல் கேசட்டில் அவர் இளவயதில் பாடிய மழைப் பாட்டை ஒரு முறை ஒலிக்கவிட்டோம். அதே பாட்டை அவரை நேரில் ஒரு முறை பாடச் சொன்னோம். எல்லோரும் கண்ணை மூடிக் கேட்டு, கை தூக்கி வாக்களித்தோம். கேசட் ஜெயித்தது. அண்ணாச்சி நேர்மையானவர், அவரும் கேசட்டுக்குத்தான் கை தூக்கினார்.

அன்று முதல் எங்கள் குழு நவீனமயமானது. கேசட்டில் இருந்ததெல்லாம் பென்டிரைவுக்கு ஏறியது. லேப்டாப்பை மாதவன் இயக்குகிறான். முனீஸ்வரன் கீபோர்டு வாசிக்கிறான்; அதற்குக் கரண்டு கொடுப்பதில்லை என்பதால் பிசிறு தட்டியதே இல்லை. பெண் குரலுக்கு மாரிச்செல்வி. அவள் மட்டும் அவ்வப்போது, "அண்ணாச்சி, ஒரு நாளாச்சும் என் மைக்கைப் போட்டு விடுங்களேன்" என்பாள். வளரும் கலைஞர்களுக்கு இந்த அவசரம் இருக்கத்தான் செய்யும்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து அந்த போன் வந்தது.

"அண்ணாச்சி, நான் கொடைக் கமிட்டித் தலைவர் வன்னியபெருமாள் பேசுதேன். அம்மன் கொடைக்கு உங்க கச்சேரி வேணும்."

"கார்முகில் தயாரா இருக்கு அண்ணாச்சி."

"யாரு யாரு வாராவ?"

"கார்முகிலே வருது."

"அது பேருல்லா? நான் ஆளைக் கேக்குதேன். அந்தக் காலத்துல எங்க கொடையில ஒரு பாய் மழைப் பாட்டுப் பாடுனாவ. பாட்டு முடியதுக்குள்ள மழை கொட்டி, பந்தல் ஒழுகி, நாங்கல்லாம் சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு நின்னு கேட்டோம். அந்தத் தொண்டைதான் வேணும்னு ஊர்க்கூட்டத்துல முடிவாயிருக்கு. பழைய ஆள் ஒருத்தராச்சும் மேடையில நிக்கணும். இல்லைன்னா உங்க பெட்டியை நீங்களே வச்சுக்கிடுங்க."

உடனே அவசரப் பொதுக்குழு கூட்டப்பட்டது. இடம், டீக்கடை. பொருள், 'அசல்' என்பதற்கு விளக்கம் காணுதல்.

"நான் எட்டு வருசமா இருக்கேன். நான் அசல் இல்லையா?" என்றான் முனீஸ்வரன்.

"நீ வாசிக்கவே இல்லையேடே" என்றான் மாதவன். "நம்மகிட்ட அசல் இருக்குல்லா அண்ணாச்சி. பென்டிரைவுல."

"ஊர்க்காரங்க ஆளைக் கேக்காங்கடே."

"அப்போ ஆளைக் கூட்டிட்டு வந்து பாட்டுக்குப் பக்கத்துல நிப்பாட்டிருவோம்."

இவ்வளவு சிக்கலான விஷயத்துக்கு இவ்வளவு எளிய தீர்வு கிடைத்ததில் எனக்கே பெருமிதம். 'குரல் குழுவுக்குச் சொந்தமானது. உடல் மட்டும் சிறப்பு விருந்தினராக அழைக்கப்படும்' என்று தீர்மானம் நிறைவேறியது. மாரிச்செல்வி மட்டும் கை தூக்கவில்லை. அவள் கையில் டீ கிளாஸ் இருந்ததாகப் பதிவு செய்துகொண்டோம்.

ஷம்சுல் அண்ணாச்சி பஜாரில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். நான் போனபோது ஒரு பெண்ணுக்கு வளையல் அளவு பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வளையலைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னையா கேட்டாவ? பேரைச் சொல்லியா?"

"தொண்டையைச் சொல்லிக் கேட்டாவ அண்ணாச்சி."

அவர் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "தம்பி, நான் வந்தா நான்தான் பாடுவேன். டேப்புக்கு வாயசைக்க மாட்டேன்."

"மைக் உங்க கையிலதான் அண்ணாச்சி இருக்கும்" என்றேன். செயலாளர் பதவியில் இருப்பவன் பொய் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. மைக் அவர் கையில்தான் இருந்தது.

கடைக்குள்ளிருந்து அவர் மனைவி ரசியா வெளியே வந்தார். "நானும் வாரேன்" என்றார்.

"நீங்களாக்கா? நீங்க ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லையே?"

"பிள்ளையளைப் பாக்கணும், கடையைப் பாக்கணும்னு ஓடிருச்சு. வீட்டுல பாடுவாவ, அது போதும்னு இருந்தேன். கேசட்டுட்ட தோத்துட்டு வந்த நாள்லேருந்து வீட்டுலயும் ஒரு வரி பாடல. குளிக்கும்போதுகூட வாயைத் திறக்க மாட்டேங்காவ. எனக்கு அந்தக் குரலைக் கேக்கணும் தம்பி."

"கேக்கத்தான்க்கா போறீங்க."

"எந்தக் குரலை?"

இந்தக் குடும்பத்தில் தேவையில்லாத கேள்விகள் அதிகம். கார் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கொடைத் திருவிழாவன்று பொழுது சாயும் முன்பே கூட்டம் கூடிவிட்டது. பயறும் பருத்தியும் வீட்டுக்கு வந்துவிட்ட நேரம். வெடித்துக் கிடந்த கரிசலில் பைக்குகளை வரிசையாக நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். ரசியா பெண்கள் பக்கத்தில் முன் நாற்காலியில் இருந்தார். வன்னியபெருமாள் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு, மேடையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் மேடையேறினார். நான் என் கணீர்க் குரலில் அறிவித்தேன்: "இதோ, நாற்பது ஆண்டுகளாக மாறாத அதே குரல்!" மாதவன் பட்டனை அமுக்கினான்.

குரல் வந்தது. தேன் மாதிரி, எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி, தடங்கலே இல்லாமல் வந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அண்ணாச்சியும் உயிரைக் கொடுத்துப் பாடினார். தன் மைக் ஊமை என்பது அவருக்குத் தெரியாது. மேடையில் பெட்டிச் சத்தம் காதை அடைத்ததால், பழைய நாள் திரும்பிவிட்டது என்றே நினைத்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தபடி பாடினார்.

சரணத்தில் அவருக்கு இருமல் வந்தது. பாட்டுக்கு வரவில்லை.

அண்ணாச்சி வாயை மூடினார். பாட்டு மேலே போனது. அவர் மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். தன் சொந்தக் குரல் தன்னை விட்டுவிட்டு ஜோராகப் பாடிக்கொண்டிருப்பதை நின்று கேட்டார். அந்த முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

முன் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "வாயைத் திறக்காமலே பாடுதாவ பாத்தியளா? எம்புட்டுப் பயிற்சி!" என்றார். பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்கவில்லை. அண்ணாச்சி தலையைக் குனிந்து நின்றார்.

இங்கே எங்கள் குழுவின் ஒரு மரபைச் சொல்லியாக வேண்டும். பார்வையாளர்கள் விருப்பப் பாட்டைச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். வந்த சீட்டை ஒதுக்கக் கூடாது, ஒரு எழுத்தும் மாற்றாமல் வாசிக்க வேண்டும் என்பது தொடங்கியவர்கள் போட்ட விதி. அவர்கள் விட்டுப்போனவற்றில் நான் கைவிடாமல் காத்துவருவது இது ஒன்றைத்தான், இதற்குச் செலவில்லை. முன்கூட்டிப் படித்துப் பார்ப்பதும் என் கௌரவத்துக்குக் குறைவு.

மாரிச்செல்வி ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் மைக்கை உயர்த்தி, முழுக் கம்பீரத்தோடு வாசித்தேன்:

"அடுத்ததாக... பாடகர் ஷம்சுல் ஆலம் அவர்கள், ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று விரும்பிக் கேட்பவர்... ரசியா, கோவில்பட்டி!"

கூட்டம் சிரித்தது. "இப்பதானய்யா பாடுனாவ!" என்று ஒருவர் கத்தினார்.

ரசியா எழுந்து நின்றார். "இது எங்க வீட்டு டேப்புல இருக்க பாட்டு. இதைத்தான் நாப்பது வருசமாக் கேக்குதேன். அதுல இருமல் கிடையாது. அவிய எப்பப் பாடுவாவ?"

சிரிப்பு நின்றது. வன்னியபெருமாள் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூட்டத்தை ஆயிரம் மேடைகளில் கட்டி ஆண்ட நான், சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"மாதவா, மைக்கைப் போடுடே" என்றார் அண்ணாச்சி.

மாதவன் திருதிருவென்று விழித்தான். பாடகர் மைக்குக்கு எந்தப் பட்டன் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதற்குத் தேவை வந்ததில்லை.

அண்ணாச்சி மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மேடை விளிம்புக்கு வந்து, ரசியாவைப் பார்த்துப் பாடத் தொடங்கினார். அதே மழைப் பாட்டு. குரல் நன்றாகத் தணிந்திருந்தது. உயரே ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனது. நடுவில் மூச்சு வாங்கினார், இருமினார், "பொறுத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்தில் பிடித்தார். பின்னால் இருந்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். ஐஸ் விற்றவன் மணியடிப்பதை நிறுத்தினான். பல்லவி திரும்பியபோது மாரிச்செல்வி மைக் இல்லாமல் கூடவே சேர்ந்துகொண்டாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ரசியா அழுதார். நான் அந்தச் சீட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பதவியின் மாண்பு கருதி, அதை வாசிப்பதாகக் காட்டிக்கொண்டேன்.

அன்று மழை பெய்யவில்லை. குழுவின் நலன் கருதி இதை அழுத்தமாகப் பதிவு செய்கிறேன். ஆனாலும் வன்னியபெருமாள் பொன்னாடையை அண்ணாச்சிக்குத்தான் போர்த்தினார். "மழை வராட்டி போகுது. தொண்டை வந்துருச்சுல்லா" என்றார்.

மறுநாளே டீக்கடையில் ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டம் நடந்தது. ஷம்சுல் ஆலம், குழுவின் குரலுக்குச் சற்றும் பொருந்தாத ஒரு குரலில் பாடி நாற்பது ஆண்டுப் பாரம்பரியத்துக்குக் களங்கம் விளைவித்த குற்றத்துக்காக நிரந்தரமாக நீக்கப்பட்டார். மாரிச்செல்வி, அனுமதியின்றி வாயைத் திறந்ததோடு நில்லாமல் அதிலிருந்து சத்தமும் வரவழைத்ததற்காக நீக்கப்பட்டாள். முனீஸ்வரன், தன் கீபோர்டு வயரை எங்கே சொருக வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டான். அவனும் நீக்கப்பட்டான். மாதவன், "அப்போ நம்ம குழுவுல யாருதான் அண்ணாச்சி இருக்கோம்?" என்றான். குழுவின் மீது நம்பிக்கையில்லாத் தொனி அதில் இருந்தது.

எங்கள் பெயருக்கு எந்தக் குறையும் வரவில்லை என்பதற்குச் சான்று, இந்த ஆண்டும் எப்போதும்வென்றானிலிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, வன்னியபெருமாள் பேசுதேன். கொடை வருதுல்லா."

"கார்முகில் தயாரா இருக்கு அண்ணாச்சி!"

"சந்தோசம். ஷம்சுல் அண்ணாச்சியையும் ரசியாக்காவையும் கூட்டிட்டு வர நாங்க கார் அனுப்புதோம். அந்த மாரிச்செல்விப் பிள்ளையும் அதுலயே வந்துரும். வாசிக்கதுக்கு ஆள் சொல்லியாச்சு. அது போக, சாப்பாட்டுப் பந்தியில சனங்க சாப்பிடும்போது ஓட ஏதாச்சும் பாட்டு வேணும். உங்க பென்டிரைவு இருக்குல்லா, அதைக் காலைல பஸ் கண்டக்டர்ட்ட குடுத்து விட்டுருங்க. நாங்க ஸ்டாப்புல நின்னு வாங்கிக்கிடுதோம்."

"அப்போ நான், அண்ணாச்சி?"

"நீங்க எதுக்கு அண்ணாச்சி வெயில்ல அலையணும்?"

ஆகவே மாபெரும் கார்முகில் இன்னிசைக் குழு இவ்வாண்டும் திட்டமிட்டபடி எப்போதும்வென்றான் புறப்பட்டுச் சென்றது என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன். நாற்பது ஆண்டு வரலாற்றில் முதன்முறையாக ஒருவரும் விலகவில்லை, ஒருவரும் பிந்தவில்லை. முழுக்குழுவும் ஒற்றுமையாக, டிக்கெட்டுகூட எடுக்காமல், கண்டக்டரின் சட்டைப்பையில் போய்ச் சேர்ந்தது. நான் பஸ் ஸ்டாண்டில் நின்று கையசைத்தேன்.