தொட்டால் மறையும் புலி

ஒரு காட்டில் ஒரு புலி இருந்தது. ஆகவே அங்கே ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது. அங்கே முக்கியமான பாடம் ஒன்றே ஒன்றுதான்: புலி வந்தால் ஓடு. அதை நடத்தியவர் குழல்மொழி டீச்சர் என்ற முயல். தினமும் காலையில் பிள்ளைகளை மைதானத்தில் விரட்டு விரட்டென்று விரட்டுவார். ஆறு வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூடப் புலிக்குக் கொடுத்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருக்கட்டுமே.

அந்தப் பள்ளிக்குத் தொடுதிரை வந்தது. கூடவே உத்தரவும் வந்தது: இனி எல்லாப் பாடமும் திரையில்தான்.

“ஓடுறதை எப்படி சார் திரையில நடத்துறது?” என்று கேட்டார் டீச்சர்.

“அதெல்லாம் உள்ளேயே போட்டுக் குடுத்திருக்காங்க டீச்சர். நீங்க நடத்துற மாதிரி தினம் ஒரு போட்டோ அனுப்பினா போதும்” என்றார் தலைமை ஆசிரியர் கரடி.

திரைக்குள்ளே ஒரு புலி பாய்ந்து வந்தது. மூக்கைத் தொட்டால் ‘சபாஷ்!’ என்று சொல்லிவிட்டு, நட்சத்திரமாகி மறைந்தது. பிள்ளைகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திரை ஒன்று, பிள்ளைகள் முப்பது. அதனால் வரிசையில் நின்று தொட்டார்கள். மூன்றே மாதத்தில் எல்லோரும் நூற்றுக்கு நூறு. மைதானத்தில் புல் மண்டிவிட்டது. இதுகள் நிஜப் புலியைப் பார்த்தால் என்ன ஆகும் என்று டீச்சர் தினமும் கவலைப்பட்டார்.

நிஜப் புலி ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பீரியடில் வந்தது. கரடி சார் மரத்தில் ஏறிவிட்டார்.

“ஓடுங்க! ஓடுங்க கண்ணுகளா!” என்று தொண்டை கிழியக் கத்தினார் டீச்சர்.

பிள்ளைகள் ஓடத்தான் செய்தார்கள், புலியைப் பார்த்து.

“நான்தான் ஃபர்ஸ்ட்டு!”

“டீச்சர், இவ நடுவுல பூந்துட்டா!”

தன் முன்னால் இரை வரிசை கட்டி நிற்பதைப் புலி தன் ஆயுளில் பார்த்ததில்லை. மான்குட்டி வந்து அதன் மூக்கைத் தொட்டது.

“ஸ்டார் வரல டீச்சர்.”

“நல்லா அழுத்தித் தொடுடி” என்றது பின்னால் நின்ற குரங்குக்குட்டி. பொறுக்காமல் அதுவே முன்னால் வந்து, புலியின் முகத்தில் இரண்டு விரலை வைத்துக் குவித்து, உருவத்தைச் சின்னதாக்கப் பார்த்தது. பன்றிக்குட்டி அலுத்துக்கொண்டது. “ஹேங் ஆயிடுச்சு. ஆஃப் பண்ணிப் போடலாம்.” சுவிட்சைத் தேடிப் பின்பக்கம் போய், வாலைப் பிடித்து ஓர் இழு இழுத்தது.

புலிக்கு வியர்த்துவிட்டது. நல்ல பசிதான். ஆனால் பயப்படாத இரையை என்ன செய்வது என்று அதற்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. இதுகளுக்கு ஏதோ ஒட்டுவாரொட்டி நோய் என்று தோன்றியதும் எடுத்தது ஓட்டம். அப்படியோர் ஓட்டத்தை டீச்சரே யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

“என் முறை வரவே இல்ல!” என்று கடைசியில் நின்ற அணில் அழுதது. டீச்சர் முப்பது தலைகளையும் இரண்டு தடவை எண்ணினார். பிறகு பொத்தென்று உட்கார்ந்து அவரும் அழுதார். சந்தோஷத்தில்தான்.

கரடி சார் மரத்தில் இருந்தபடியே போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். மறுவாரம் சிறந்த ஆசிரியர் விருது கரடி சாருக்கே வந்தது. காடு முழுக்க ஓட்டப் பாடம் ரத்தானது.

“சார், அந்தத் தொடுற பாடமே தப்பு” என்றார் டீச்சர்.

“புலியே ஒத்துக்கிட்டுப் போயிடுச்சு, உங்களுக்கென்ன டீச்சர்?” என்றார் கரடி சார்.

நீதி: பாடம் தப்பாக இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது, புலி அதைப் படிக்காமல் இருந்தால் போதும்.