அனுமதியின்றி இறங்கிய குடல்

கருணைக்கு உருவம் கொடுக்க யாராவது நினைத்தால், எங்கள் மேலாளரை நிற்க வைத்து அப்படியே அச்சு வார்த்துவிடலாம். வாடிக்கையாளர் குறைகளைத் தொலைபேசியில் கேட்கும் எங்கள் அலுவலகத்தில், கழிப்பறைக்குப் போக விரும்புகிறவர் கையைத் தூக்கினால் போதும். அவரே நேரில் வந்து 'பரிசீலிப்பார்'. பரிசீலனை முடிவதற்குள், வந்த அவசரம் வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விடும்.

என்னுடையது பல வருடங்களாகத் திரும்பிப் போய்ப் போய் மலச்சிக்கலாக இறுகியது. வீட்டில் உட்கார்ந்து முக்கினேன். கடைசியில் மலக்குடலே பொறுமையிழந்து வெளியே வந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து உள்ளே ஏற்றித் தைத்தார்கள்.

"இனிமே முக்கவே கூடாது. வந்தா அடக்கவும் கூடாது, உடனே போயிடணும்," என்றார் டாக்டர்.

"அதை இவர் ஆபீஸ்ல வந்து சொல்லுங்க டாக்டர்," என்றாள் என் மனைவி.

மேலாளர் பூங்கொத்தோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். ஒருக்களித்துப் படுத்திருந்த என்னைக் கனிவோடு பார்த்தார்.

"எப்ப வந்து சீட்ல உக்காரப் போறீங்க?"

"உக்காரவே முடியல சார்."

"அதனால என்ன? நின்னுகிட்டே பேசுங்க. போன்ல தெரியவா போகுது?"

இவ்வளவு பெருந்தன்மையை என் மனைவியால் தாங்க முடியவில்லை. பூங்கொத்தை அவர் கையிலேயே திணித்து வாசலைக் காட்டினாள்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்றே 'ஊழியர் நலக் கூட்டம்' கூடியது. நோயின் பெயரைச் சபையில் சொல்வது நாகரிகமல்லவே! "நம்ம நண்பர் ஒரு உள்விவகாரமா லீவுல இருந்தார்," என்று அறிமுகப்படுத்திவிட்டு, 'உடலின் குரலைக் கேளுங்கள்' என்ற தலைப்பில் மேலாளர் முழங்கத் தொடங்கினார்.

சுவரில் சாய்ந்து நின்ற எனக்கு உடல் குரல் கொடுத்தது. கையைத் தூக்கினேன்.

"கேள்வியெல்லாம் கடைசில."

"கேள்வி இல்ல சார். பாத்ரூம்."

"உங்க நலனைப் பத்தித்தானே பேசிட்டிருக்கேன்? கொஞ்சம் அடக்கிக்குங்க."

தையல் போட்ட இடம் சுரீரென்றது. மறுபடி அந்த அறுவை சிகிச்சை மேசையில் குப்புறக் கிடப்பதை நினைத்தேன். அவரைத் தாண்டிக் கதவை நோக்கி நடந்தேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவளைத் தொடர்ந்து இன்னும் இருவர்.

மேலாளர் முகம் வாடியது. "என்னங்க இது பிடிவாதம்? நீங்களும் கொஞ்சம் இறங்கி வரணும் இல்லையா?"

"என் குடலே இறங்கி வந்துடுச்சு சார். நீங்கதான் இன்னும் வரல."